போட்ட இடம்

டோக்கியோவில் ரயில் கதவு திறந்ததும் உள்ளே ஓடி, நம்மூர் வழக்கப்படி ஓர் இருக்கையில் கைக்குட்டையைப் போட்டார் தணிகாசலம். முழங்கால் வலியோடு பின்னால் வந்த மனைவி இந்திராணியை அழைத்துவர இறங்கினார். கதவு மூடிக்கொண்டது.

“கைக்குட்டைதானே, விடுங்க.”

“உனக்குப் போட்ட எடம்டி.”

ஊரைச் சுற்றி அங்கேயே திரும்பி வரும் ரயில் அது. பெட்டி எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு நடைமேடையிலேயே காத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து அதே பெட்டி வந்து நின்றது. உள்ளே நெருக்கியடித்து நின்றது கூட்டம். அந்த இருக்கை மட்டும் காலி. கைக்குட்டையை யாரோ நான்காக மடித்து வைத்திருந்தார்கள்.

எல்லோரும் விலகி வழிவிட, இந்திராணி போய் உட்கார்ந்தாள். முகம் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தவள், அந்த மடிப்பைப் பிரிக்க மனமில்லாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.