ஆல்பத்தில் ஒரு குறை

ஆல்பத்தை மேஜைமேல் வைத்த சத்தத்திலேயே நூக்கராஜுவுக்குப் புரிந்துவிட்டது, வந்திருக்கும் அம்மாள் பாராட்ட வரவில்லை.

மாணிக்யாம்பா. ஒன்றரை மாதத்துக்கு முன்பு பெத்தாபுரத்தில் அவன் படமெடுத்த கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மா. பக்கத்தில் புது மருமகள் ஸ்ரவந்தி, தலையைக் குனிந்தபடி.

"தம்பி, இந்த ஆல்பத்துல என்னைவிட வாழைமரம் நல்லா விழுந்திருக்கு."

நூக்கராஜு பன்னிரண்டு வருஷமாகக் கல்யாண போட்டோ எடுக்கிறவன். வீட்டில் இருக்கிற மாதிரியேதான் போட்டோவிலும் என் புருஷன் இருக்கிறார் என்று சண்டைக்கு வந்த ஒரு பெண்ணையே சிரிக்க வைத்து அனுப்பியவன். கோபமாக வருகிறவரை முதலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்து, மோர் கொடுத்து, முடிக்கிறவரை பேசவிட வேண்டும். பாதிக் கோபம் அதிலேயே இறங்கிவிடும்.

உட்கார வைத்தான். மோரும் வந்தது. மாணிக்யாம்பா முழு டம்ளரையும் குடித்துவிட்டு, தெம்பாக விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

ஒரு படத்தில் கண் மூடியிருக்கிறதாம். இன்னொன்றில் மூக்குத்தி லாரி விளக்கு மாதிரி அடிக்கிறதாம். மாம்பழ நிறப் பட்டு கத்தரிக்காய் நிறமாகத் தெரிகிறதாம்.

கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக் காட்டினான். எல்லாவற்றிலும் கண் திறந்துதான் இருந்தது. பட்டும் மாம்பழமாகவே இருந்தது.

"இது தூக்கத்துல திறந்திருக்கிற கண்ணு" என்றார் அந்த அம்மாள், கொஞ்சமும் அசராமல்.

அவரை மட்டும் தனியாக எடுத்து ஆல்பத்தில் சேர்த்துத் தருகிறேன் என்றான். அதெல்லாம் வேண்டாமாம். முக்கியமான சடங்குகளை மறுபடி எடுக்க வேண்டுமாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வீட்டு முற்றத்தில், பந்தல் போட்டு, இரண்டு வீட்டாரும் கல்யாண உடையில்.

இதற்கு ஒப்புக்கொண்டால் முதலில் எடுத்தது சொதப்பல் என்று நூக்கராஜுவே ஊருக்கு அறிவித்த மாதிரி ஆகிவிடும். முடியாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அந்த அம்மாள் முந்திக்கொண்டார்.

"போட்டோவுக்கு ஏற்பாடு பண்ணினது பெண் வீடு. பாப்பாராவுக்கு இப்பவே போன் போடுப்பா. நான் கோபமா இருக்கேன்னு சொல்லு."

பாப்பாராவ், ஸ்ரவந்தியின் அப்பா. நூக்கராஜு அவரைக் குரலால் மட்டுமே அறிவான். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அம்மை போட்டு, மனிதர் வேப்பிலைக்கு நடுவே வீட்டோடு படுத்துவிட்டார். அவருடைய தம்பிதான் மண்டபத்தில் முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்திவைத்தார்.

விஷயத்தைக் கேட்டதும் போனில் பாப்பாராவ் பதறினார்.

"சம்பந்தியம்மா ரொம்பக் கோபமா இருக்காங்களா?"

"ஆமாங்க."

"ஞாயித்துக்கிழமை காலையிலேயே வந்துடறோம்னு சொல்லுங்க. நீங்க மட்டும் முடியாதுன்னு சொல்லிடாதீங்க தம்பி. என் பொண்ணு அந்த வீட்டுல வாழணும்."

நூக்கராஜு ஸ்ரவந்தியைப் பார்த்தான். அந்தப் பெண் இன்னும் நிமிரவில்லை. பாவம், இந்த மாமியாரோடு எப்படித்தான் காலம் தள்ளப் போகிறாளோ என்று நினைத்துக்கொண்டான். அவளுக்காகவே சரி என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாராவ் குடும்பத்தோடு வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். முகத்தில் அம்மைத் தழும்பு இன்னும் முழுசாக மறையவில்லை. கையில் ஒரு கூடை நிறைய காஜா இனிப்பு. கூடையைக் கீழே வைக்கிறதற்குள்ளேயே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார்.

மாணிக்யாம்பா அவரைப் பேசவே விடவில்லை. கன்னிகாதானத்திலிருந்து ஆரம்பிக்கணும், மணையில் உட்காருங்கள் என்றார்.

பாப்பாராவ் தயங்கினார். அன்றைக்கு உட்கார்ந்தது தம்பிதான், இப்போதும் அவனே உட்காரட்டும் என்றார்.

"உங்க தம்பி உட்கார்ந்ததுல பின்னாடி இருந்த நான் முழுசா மறைஞ்சுட்டேன். நீங்கதான் ஒல்லி. உட்காருங்க."

அதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை. உட்கார்ந்தார். மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்க அவருக்கு மனசு வரவில்லை. ஸ்ரவந்திக்குக் கண்ணில் தண்ணீர், உதட்டில் சிரிப்பு. அன்றைக்கு மண்டபத்தில் எவ்வளவு சொல்லியும் வராத சிரிப்பு அது. நூக்கராஜு தன் எரிச்சலையெல்லாம் மறந்து எடுத்துத் தள்ளினான்.

சடங்கு ஒவ்வொன்றாக முடிந்து, எல்லோரும் காஜாவைக் கடித்துக்கொண்டு பேச ஆரம்பித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கேமராவுக்குப் பின்னால் நின்று அதைச் செய் இதைச் செய் என்று சொல்லிக்கொண்டிருந்த மாணிக்யாம்பா, ஒரு படத்துக்குக்கூட வந்து நிற்கவில்லை.

"அம்மா, வாங்க. உங்களை எடுக்கறதுக்குத்தானே இவ்வளவும்" என்றான்.

அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உன் படத்துல ஒரு குறையும் இல்ல தம்பி. அப்பா இல்லாத ஆல்பத்தை இந்தப் பொண்ணு திறந்துகூடப் பார்க்கல. வந்து அவளோட நின்னு எடுத்துக்கங்கன்னு அவங்கப்பாகிட்ட மூணு தடவை கேட்டாச்சு, என் ஒருத்தனுக்காக உங்களையெல்லாம் சிரமப்படுத்தறதான்னு வர மாட்டேன்னுட்டார். சம்பந்தியம்மாவுக்குக் கோபம்னா வந்துதானே ஆகணும்? பெண்ணைக் கொடுத்தவராச்சே."