ஐம்பத்திரண்டு நிமிடம்

தீபுவின் கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து அவனைப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். ரிமாண்டுக்குப் போய்விட்டால் தீர்ந்தது. பெண் ஷிஜாவின் அப்பா அடுத்த நிமிடமே பந்தல்காரனுக்கு ஃபோன் போட்டு வேண்டாம் என்றுவிடுவார்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, குன்னத்துகாலில் ரிட்டயர்டு டீச்சர் சத்யபாமாவின் அலமாரியிலிருந்து பதினெட்டு பவுன் நகை போய்விட்டது. கடைக்குப் போயிருந்த டீச்சர் திரும்பி வரும்போது, வாசலிலிருந்து ஒரு சின்ன வெள்ளைக் கார் கிளம்பிப் போவதைப் பார்த்திருக்கிறார். நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் நாற்பத்தேழு. தீபுவின் காரும் வெள்ளை, சின்னது, நாற்பத்தேழு.

ஆனால் அன்று ஆறு இருபதுக்குத் தீபு காஞ்சிரங்குளத்தில் அக்கா மகளின் பிறந்தநாள் கேக்குக்குப் பக்கத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தான். வீடியோ இருக்கிறது. துபாயில் இருக்கும் அத்தான் வீடியோ காலில் பார்த்து, தீபு தடித்துவிட்டதாகக் குறையும் சொல்லியிருக்கிறார். இரண்டு ஊருக்கும் நடுவே இருபது கிலோமீட்டர். அத்தனையும் வளைவும் ஏற்றமும், போதாக்குறைக்கு நெய்யாற்றின்கரை டவுன் வேறு.

"நான் என்ன பறந்தா போனேன் சாறே?" என்றான் தீபு. "அதும் இந்த வண்டியில?"

நியாயமான கேள்வி. ஆட்டோமேட்டிக் கியர் வைத்த, பெட்ரோலை மிச்சம் பிடிக்கவே பிறந்த கார் அது. காரக்கோணம் பக்கத்து ஏற்றத்தில் அது முனகும் முனகலை ஊரே கேட்டிருக்கிறது.

எஸ்.ஐ. அகிலேஷ் இளைஞர். தள்ளினால்தான் கிளம்பும் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு ஃபோனில் பந்தயக் கார் வீடியோ பார்ப்பவர். அவருக்கு ஒரு சந்தேகம் முளைத்தது.

"டர்போ வச்சிருந்தா?"

பெண் போலீஸ் பிஜி விழித்தார். "அது என்ன சாறே?"

"எஞ்சினுக்குக் காத்த அழுத்தி ஊட்டுற சாதனம். வச்சா ஆமையும் ஓடும். மேஸ்திரிய விளிங்க."

மேஸ்திரி என்றால் அந்த ஸ்டேஷனுக்கு ஒரே ஆள்தான், ஜங்ஷனில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நேசையன். போலீஸ் ஜீப்பின் ஜாதகமே அவர் கையில்தான் இருந்தது.

நேசையன் வந்தார். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். பிஜியும் கூடவே எட்டிப் பார்த்தார். அவருக்கு அடையாளம் தெரிந்தது பேட்டரி ஒன்றுதான்.

"கம்பெனி வச்சதுக்கு மேல ஒரு ஆணிகூட இல்ல சாறே" என்று நேசையன் கையைத் துடைத்துக்கொண்டார். "பின்ன, இது ஆட்டோமேட்டிக் ஆக்கும். டர்போ வச்சா அந்தப் பெலத்துக்கு கியர்பாக்ஸ் பப்படம்போல பொடிஞ்சி போவும்."

"எதுக்கும் ஓட்டிப் பாருங்க."

நேசையன் ஓட்டினார். பிஜி பக்கத்தில் உட்கார்ந்து நேரம் குறித்தார். டீச்சர் வீட்டு கேட்டிலிருந்து கேக் வெட்டிய வீடு வரை ஐம்பத்திரண்டு நிமிடம். வழியில் சைக்கிளில் பால் கொண்டுபோனவர் அவர்களை முந்தி, பிஜிக்குக் கையும் காட்டிவிட்டுப் போனாராம்.

"இனி இந்த வண்டியில என்னை ஏத்தாதுங்க சாறே, மானம் போவுது" என்றார் பிஜி.

எஸ்.ஐ. ரிப்போர்ட் எழுதினார். நேசையன் கையெழுத்துப் போட்டார். சாவி தீபுவிடம் திரும்பி வந்தது. அவன் பையிலிருந்து கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து, எஸ்.ஐ.யின் பெயரை எழுதி, இரண்டு கையாலும் கொடுத்தான். அகிலேஷுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பாவம், இவ்வளவு நல்ல பையனையா படுத்தினோம் என்று எல்லாருக்கும் சாயா வரவழைத்தார்.

"தப்பு எனக்கதாக்கும் மேஸ்திரி. கோயம்புத்தூர்ல ஒரு பையன் ஆட்டோமேட்டிக்லயே டர்போ வைக்கான். வீடியோ பார்த்தேன். கியர்பாக்ஸும் பொடியல, ஒண்ணும் பொடியல. அந்த நெனப்புல இங்கயும் நடக்கும்னு நம்பிட்டேன்."

"ஓ" என்றார் நேசையன். சாயாவை ஊதிக் குடித்தார்.

"அது படிச்சவன் செய்ற பணியாக்கும். கைப்பழக்கம் மட்டும் போதாது, மூளையும் வேணும்" என்றார் எஸ்.ஐ.

"மேஸ்திரி, வாருங்க. போற வழியில உங்கள விட்டுட்டுப் போறேன்" என்று தீபு எழுந்தான்.

அகிலேஷ் விடுவதாக இல்லை. "நம்ம ஆளுங்களுக்குப் பஞ்சர் ஒட்டத் தெரியும், ஹாரன் மாத்தத் தெரியும். அந்த ஹாரனும் பிரேக் பிடிச்சா தானா அடிக்குது. பாறசாலையில இருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் டர்போ வைக்க ஒரு ஆளு கிடையாது. நான் எழுதித் தாறேன்."

பிஜி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஜீப் ஹாரன் விஷயம் உண்மைதான்.

நேசையனின் காது இரண்டும் சிவந்தன. முப்பத்தொரு வருஷமாக ஸ்பானர் பிடிக்கிற மனிதர். "சாயா ஆறிப் போவும், குடிச்சிட்டு வாருங்க மேஸ்திரி" என்று தீபு அவர் கையைப் பிடித்து அழுத்தினான். நேசையன் கையை உதறிவிட்டு, பாதிச் சாயாவோடு கிளாஸை மேஜையில் வைத்தார்.

"எலே தீபு, அந்த பானெட்டத் தொற மக்கா. கியர்பாக்ஸ் பொடியாம நான் இதுல டர்போ வச்சிருக்கியது எப்பிடின்னு சாறுக்கு ஒருக்கக் காட்டிக் குடுப்போம்."