ஓரத்தில் எழுதியவை

இருவரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நாலு பேர் உட்காரலாம்.

என் அறைக் கதவைத் திறந்து இரண்டு பேரையும் உள்ளே வரச் சொன்னேன்.

என் ஆய்வுமுறை வகுப்பில் பாதிப் பேர் பள்ளி முடித்து நேராக வந்தவர்கள். மீதிப் பேர் வேலைக்குப் போய், குடும்பம் நடத்தி, பாதியில் விட்ட படிப்பை இருபது வருஷம் கழித்துப் பிடிக்க வந்தவர்கள். சேர்ந்து கட்டுரை எழுத, இதில் ஒருவர், அதில் ஒருவர் என்று கம்ப்யூட்டர் ஜோடி சேர்க்கும். தலைமுறைகள் கலந்து பழகட்டும் என்பது துறையின் திட்டம்.

இந்த ஜோடி பழகவில்லை.

பெரியவர் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் பெண்மணி. நாற்பத்தேழு வயது. சின்னவள் விடுதி மாணவி. பத்தொன்பது. மூன்று மாதத்தில் ஒருநாள்கூட இவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நான் பார்க்கவில்லை.

ஆனால் பேருந்து நிறுத்தத்தில் மக்கள் காத்திருக்கும் விதம் பற்றி இவர்கள் கொடுத்த கட்டுரைதான் வகுப்பிலேயே முதல்.

பேசாத இருவர் சேர்ந்து எழுத முடியாது. ஒருவர் எழுதியிருக்க வேண்டும், மற்றவர் பெயரை மட்டும் போட்டிருக்க வேண்டும். அது உறுதியானால் இருவருக்கும் பூஜ்யம். அடுத்த வருஷம் இதே பாடம், இதே நான்.

ஒருவர் செய்ததை மற்றவரிடம் மாற்றி மாற்றிக் கேட்டேன். சின்னவள் எண்ணிய தலைகளின் கணக்கைப் பெரியவர் சொன்னார். பெரியவர் எடுத்த பேட்டிகளைச் சின்னவள் சொன்னாள். ஓரிடத்திலும் சறுக்கவில்லை.

"ஒரு வார்த்தை பேசிக்க மாட்டேங்கறீங்க. அப்புறம் எப்படி?"

"எல்லாம் டாக்குமென்ட்லதான் சார்," என்றாள் சின்னவள். "அவங்க ஓரத்துல கமென்ட் போடுவாங்க. நான் பதில் போடுவேன்."

"எழுத்துப்பிழை மட்டும் நான் பாத்துக்கிட்டேன் சார். சின்ன வயசுலேர்ந்தே அதுக்கு ஒற்று வராது," என்றார் பெரியவர். பிறகு, "போல," என்று சேர்த்துக்கொண்டார்.

முதலில் சின்னவள் போனாள். பெரியவர் கைப்பையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். இரண்டு நிமிடம் கழித்துப் போனார்.

சந்தேகம் என்று வந்துவிட்டால் முழுக்கப் பார்த்துவிட வேண்டும். அவர்கள் சேர்ந்து எழுதிய கோப்பைத் திறந்தேன். யார் எதை எப்போது எழுதினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். கமென்ட்டுகள் மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு.

முதல் மாதம் கட்டுரைதான்.

'இதற்கு ஆதாரம் எங்கே?'

'சேர்த்துவிட்டேன்.'

'இந்த வரி சுற்றி வளைக்கிறது.'

'சரி.'

நாலாம் பக்கத்தில், ஒரு கமாவின் மேல்:

'நேத்து கிளாஸ்ல ஒரே இருமல். டாக்டர்கிட்ட போனியா?'

'இது அசைன்மென்ட். சார் பாப்பாரு.'

'பாக்கட்டும். போன்ல என்னை பிளாக் பண்ணி வச்சிருக்க. வேற எங்க வந்து கேக்கறது?'

பதினோரு நாள் பதில் இல்லை. பிறகு, 'போனேன். சரியாயிடுச்சு.'

ஏழாம் பக்க அட்டவணையின் ஓரத்தில் இருந்தவை இன்று காலை எழுதியவை. வெளியே உட்கார்ந்து என் கதவு திறக்கக் காத்திருந்த நேரம்.

9.52. 'அப்பாவுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன். உன்னையே கேட்டுக்கிட்டு இருக்கார்.'

9.54. 'எத்தனை மணிக்கு?'

9.54. 'பத்து.'

9.57. 'அன்னிக்கு சார் டெஸ்ட் வச்சிருக்காரேம்மா.'

9.58. 'தெரியும்டி. எனக்கும்தான்.'

பத்து மணிக்கு நான் கதவைத் திறந்திருக்கிறேன்.

இருவருக்கும் முழு மதிப்பெண் போட்டேன். பிறகு வகுப்புக் குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். சர்வர் கோளாறு காரணமாக வியாழக்கிழமைத் தேர்வு அடுத்த திங்கட்கிழமைக்கு மாற்றப்படுகிறது.

ஐந்து நிமிடத்தில் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து போன். யாரோ மாணவர் அங்கே விசாரித்திருக்க வேண்டும்.

"சார், சர்வர் நல்லாத்தானே இருக்கு? எப்பக் கோளாறு?"

"வியாழக்கிழமை," என்றேன்.