கண்ணெடுக்காமல்

பக்கவாதம் வந்தபின் வேதமுத்துவுக்கு விழிகள் மட்டுமே அசைந்தன. காலையில் மருமகள் ஜெபராணி அவருக்கென்று கொண்டுவந்த தண்ணீர் டம்ளரை டிவியின் முன்னால் வைத்துவிட்டு, சீரியல் பார்த்தபடி மறந்துபோனாள். நாக்கு வறண்டு, அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நலம் விசாரிக்க வந்தாள் அடுத்த வீட்டு எஸ்தர். "அண்ணாச்சி கண்ணெடுக்காமப் பாக்காவளே!"

"மாமாவுக்கு இந்த சீரியல்னா உசுரு. மாமியாக்காரி மருமவளப் பட்டினி போடுதால்லா, அதுக்கு அழுதுருவாவ. மத்த சீரியலப் போட்டா கண்ண மூடிக்கிடுவாவ."

அவர் கண்கள் நிறைந்து வழிந்தன.

"எளகின மனசு," என்று எஸ்தர் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு, "படத்த மறைக்குல்லா," என்று டம்ளரை எடுத்தாள். வீணாக்க மனமில்லாமல், ஜன்னலோரம் வாடியிருந்த ரோஜாச் செடிக்கு ஊற்றினாள்.

அவர் விழிகள் ஜன்னல் பக்கம் திரும்பின. மண் மெல்ல உறிஞ்சிக்கொண்டிருந்தது.