லங்காவிக்கு வரி இல்லை

"பாஸ், இந்த அம்மா நம்ம தலையில நல்லா மிளகாய் அரைக்கிறாங்க" என்றான் சிவநேசன்.

அழகேசன் கணக்குத் தாளிலிருந்து நிமிர்ந்தார். மலேசியாவின் ரவாங்கில் மூலிகைத் தலை எண்ணெய் தயாரிக்கும் தொழிற்சாலை அவருடையது. ஆன்லைன் கடை திறந்து எட்டு மாதம் ஆகிறது. அந்தக் கடையின் மென்பொருளில் ஊர்வாரியாக வரி விகிதம் போட்டு வைத்தவன் சிவநேசன். அஞ்சல் எண்ணைத் தட்டினால் போதும். ஊர் சபாக்கோ சிரம்பானோ, பத்து விழுக்காடு தானாக ஏறிக்கொள்ளும். லங்காவி, லாபுவான், தியோமான் மட்டும் வரியில்லாத் தீவுகள். அங்கே சுழியம்.

"என்னலா விஷயம்?"

"சுங்கை ஆயர் தாவார்ல அமராவதின்னு ஒருத்தங்க. மாசம் ஒரு போத்தல் ஆர்டர். டெலிவரி லங்காவிக்கு. அதனால வரி இல்ல. பார்சல் லங்காவிக்குப் போயி, அப்படியே நம்மகிட்ட திரும்பி வருது. உடனே எனக்கு போன். 'தம்பி, அத என் வீட்டுக்கே அனுப்பிருங்க, போஸ்டேஜ் நான் கட்டுறேன்.' ஏழு மாசம், ஏழு தடவ!"

"ஒரு போத்தலுக்கு வரி எவ்வளவு வரும்?"

"மூணு வெள்ளி எண்பது காசு."

"போஸ்டேஜே எட்டு வெள்ளி ஆகுமே, நேசா."

"சில பேருக்கு கவர்மெண்டுக்குன்னா கை வராது பாஸ். அவ்ளோதான்."

அழகேசன் சிரித்தார்.

"சிரிக்காதீங்க. லங்காவில ஒரு கூட்டாளி வேற. ஷர்மினின்னு பேரு. பெட்டி மேலயே மார்க்கர்ல 'வேண்டாம்'னு எழுதி ரைடர்கிட்ட திருப்பிக் குடுத்துருது. அத மறுபடி அனுப்பும்போது புதுப் பெட்டி போடக்கூடாதாம். அதே பெட்டியா, பிரிக்காம வேணுமாம். புதுசா பேக் பண்ணா புது பில் வருமே, அந்தப் பயம்."

"ஆடிட்டர் வந்தா நான்தானே முழிக்கணும். வரியப் போட்டு முடி."

அதற்குத்தான் சிவநேசன் காத்திருந்தான். அன்று காலை திரும்பி வந்திருந்த ஏழாவது பெட்டியை எடுத்தான். கணினியில் முகவரியை மாற்றினான், சுழியம் பத்தானது. பெட்டியைக் கிழித்துப் போத்தலை எடுத்து, புதுப் பெட்டியில் புது பில்லோடு வைத்து ஒட்டினான். பழையதைப் பின்கட்டில் பழைய பேப்பர் லோரிக்காகக் கிடந்த குவியலில் வீசினான்.

வழக்கமாக அந்த அம்மாதான் கூப்பிடுவார். இன்று அவனே கூப்பிட்டான். மாட்டிக்கொண்டவர் குரல் எப்படி இருக்கும் என்று கேட்க ஆசை.

முதல் மணியிலேயே எடுத்தார். போனைக் கையிலேயே வைத்திருந்தார் போல.

"வந்துருச்சா தம்பி?"

"வந்துருச்சும்மா. ஆனா இனிமே லங்காவி ரேட் கிடையாது. பொருள் கடைசியா எந்த ஊருக்குப் போகுதோ அந்த ஊரு வரிதான். மூணு வெள்ளி எண்பது காசு."

"சரிப்பா."

அவன் தயார் செய்து வைத்திருந்த நாலு வார்த்தையும் வீணானது.

"முன்னாடி வாங்கின ஆறுக்கும் சேத்துக் கட்டணும்" என்றான், இன்னும் கொஞ்சம் அழுத்தி.

"கட்டிடுறேன் தம்பி. பெட்டிய அனுப்பிட்டீங்களா?"

"புதுப் பெட்டியில போட்டாச்சு. நாளைக்கு வந்துரும்."

அந்த அம்மாவின் குரல் சட்டென்று மாறியது.

"அப்ப பழசு?"

"பழைய பேப்பர் லோரிக்குப் போட்டேன்."

"ஐயோ தம்பி! லோரி போயிருச்சா?"

"வெறும் அட்டைப் பெட்டிம்மா. எண்ணெய் பத்திரமா இருக்கு."

"எண்ணெய் யாருக்கு வேணும்? இங்க அலமாரில ஆறு போத்தல் திறக்காம நிக்குது. தடவிவிட ஒரு தலைகூட இல்ல இந்த வீட்டுல. கொஞ்சம் வெளிய போயி பாருங்கய்யா. எவ்வளவு வரி வேணும்னாலும் போட்டுக்குங்க."

போனைக் காதில் வைத்தபடியே எழுந்தான். என்ன நாடகமோ என்று எரிச்சலாக இருந்தது. பின்கட்டுக்கு வந்தபோது லோரி வந்து நின்றிருந்தது. ஆள் ஒருவர் அட்டைகளை அள்ளி மேலே எறிந்துகொண்டிருந்தார்.

"பாங், துங்கு! துங்கு செகெஜாப்!" என்று, கொஞ்சம் பொறுக்கச் சொல்லி மலாயில் கத்திக்கொண்டே ஓடினான்.

அவர் கையை நிறுத்தினார். சிவநேசன் சக்கரத்தில் கால் வைத்து லோரியில் ஏறினான். நாலைந்து அட்டைகளைப் புரட்டியதும் அது கிடைத்தது. ஒரு மூலை நசுங்கியிருந்தது.

"கெடச்சிருச்சும்மா" என்றான் மூச்சு வாங்க.

"எழுத்து அழியலயே?"

"எந்த எழுத்து?"

"மேல மார்க்கர்ல எழுதியிருக்குமே. வாசிங்க தம்பி."

"'வேண்டாம்'னு இருக்கு."

"கடைசிப் புள்ளி வெறும் புள்ளியா? இல்ல குட்டி வட்டமா போட்டிருக்கா?"

சிவநேசன் பெட்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"வட்டமா இருக்கும்மா."

ஒரு நீண்ட மூச்சு கேட்டது.

"அப்ப அவளேதான் எழுதியிருக்கா. நல்லாத்தான் இருக்கா. எம் மக தம்பி. எங்கிட்ட பேச்ச விட்டு நாலு வருஷமாச்சு. எனக்குன்னு அவ எழுதுறது இந்த ஒண்ணுதான்."