எப்பவாவதுதான், டாக்டர்

"வாமிட்டிங்? ஒன்ஸ் இன் எ வைல், நவ் அண்ட் தென், ஆர் ஆஃப்டன்?"

நாமா இருந்தா மூணுக்கும் சேர்த்து 'அப்பப்போ'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருப்போம். இந்த டாக்டர்கிட்ட அந்தப் பாச்சா பலிக்காது. அவருக்கு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு. அதைக் கேட்டுத்தான் மருந்தைக் கூட்டுவார், குறைப்பார்.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. கட்டில்ல கிடந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவுல மகள்.

"வாந்தி எப்பப்போம்மா வருது?"

"எப்பப்போவா? ஓயாம வருதுடி. ஒரு வாய் தண்ணி தங்கல. குடலே வெளிய வந்துடும் போலிருக்கு."

மகள் டாக்டரைப் பார்த்துச் சிரிச்சாள். "ஒன்ஸ் இன் எ வைல், டாக்டர்."

டிரிப்ஸ் பாட்டிலை மாத்திட்டிருந்த நர்சுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவளுக்கு ரெண்டு பாஷையும் தெரியும். 'நவ் அண்ட் தென்'னு சொல்லியிருந்தாக்கூடப் போனாப் போகுதுன்னு விட்டிருப்பாள்.

"அம்மா அப்படிச் சொல்லலையே!"

"நீங்க உங்க வேலையைப் பாருங்க, சிஸ்டர்." மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். "டைம் ஃபார் இன்ஜெக்‌ஷன், டாக்டர்."

அடிப்பாவி! பெத்தவள் வயித்தைப் பிடிச்சிட்டுத் துடிக்கிறாள், இவளுக்கு ஊசியைப் போட்டுட்டு ஓடணும். நர்சுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இங்கிலீஷ்லயே போட்டு உடைச்சாள்.

"டாக்டர், ஒன்ஸ் இன் எ வைல் இல்ல. ஆஃப்டன்கூட இல்ல. கான்ஸ்டன்ட்லின்னு சொல்றாங்க."

மகள் முகத்துல ரத்தமே இல்ல.

டாக்டர் கேஸ் ஷீட்டை மூடினார். அப்புறம் இங்கிலீஷ்ல மெதுவா சொன்னார். "வாந்திக்குக் கொடுத்ததும் கேக்கல. உடம்பு இந்த ஊசியைத் தாங்காது, நிறுத்திடலாம். இதுக்கு மேல எங்ககிட்ட எதுவும் இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இருக்கிற வரைக்கும் கஷ்டமில்லாமப் பாத்துக்குங்க."

அவர் அடுத்த கட்டிலுக்குப் போயிட்டார்.

மகள் நர்ஸ் பக்கத்துல நெருங்கினாள். அம்மா காதுல விழாம நர்சுகிட்ட சொன்னாள். "வாந்தி அதிகமானா நிறுத்திடுவேன்னு போன தடவையே சொன்னார், சிஸ்டர். கேன்சருக்கு இதுதான் கடைசி மருந்து. இன்னும் ஒரே ஒரு ஊசி போட்டுப் பாத்துடலாம்னுதான்..."

நர்சுக்குத் தான் பண்ணின காரியம் அப்பத்தான் உறைச்சுது.

"டாக்டர் என்ன சொல்றார், சிஸ்டர்?" அம்மா தலையைத் தூக்கினாள்.

மகள் முகத்தைத் திருப்பிக்கிட்டாள். நர்ஸ்தான் சொன்னாள்.

"இனிமே... ஊசி வேண்டாமாம்மா. வீட்டுக்குப் போகலாமாம்."

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நர்சோட கையை இழுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டாள்.

"நீ நல்லா இருக்கணும் தாயே! ஏண்டி, பாத்தியா? உள்ளதை உள்ளபடி சொன்னதும் வீட்டுக்கே அனுப்பிட்டார். நீயும்தான் இத்தனை நாளா என்னத்தையோ சொல்லி என்னை இங்கேயே போட்டு வச்சிருந்தே!"