அண்ணன் வாங்கப்போகும் போன்

பேச்சு காதில் விழுந்ததும் ஈஸ்வரமூர்த்தி தோளில் கிடந்த துண்டை எடுத்துப் போனின் வாய்ப்பக்கத்தை இறுக்கிப் பொத்தினார்.

பக்கத்து வீட்டு நஞ்சப்பன் யாருக்கோ போன் போட்டிருந்தார். நஞ்சப்பன் வேறு யாருமில்லை, கூடப்பிறந்த அண்ணன்தான்.

லேத்துப் பட்டறையைப் பாகம் பிரித்தபோது மெஷின், இடம் எல்லாம் சுமுகமாகவே பிரிந்தன. பெயர்ப்பலகை யாருக்கு என்பதில்தான் வந்தது வினை. அண்ணன் ஒரு வார்த்தை சொல்ல, தம்பி இரண்டாகத் திருப்பித் தர, மறுமாதமே இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆளுயரத்துக்குச் சுவர் எழும்பிவிட்டது. அன்று நின்ற பேச்சு மூன்று வருடமாக நின்றதுதான். மாரியம்மன் நோம்பிக்குக் கோயிலில் நேருக்கு நேர் வந்தபோதுகூட இரண்டு பேரும் கோபுரத்தைப் பார்த்தபடியே ஒருவரையொருவர் கடந்துபோனார்கள்.

பேச்சுத்தான் நின்றதே தவிர, போட்டி நின்றதா என்ன? உக்கடம் மைதீன் பிச்சை கடையில் அண்ணன் கார்ட்லெஸ் போன் வாங்கினார் என்று தெரிந்த மறுவாரமே, தம்பி அதே கடைக்குப் போய் அதே போனை வாங்கிவந்தார். நிறம்கூட மாறக்கூடாது என்று கறாராகச் சொல்லி வாங்கினார்.

அங்கேதான் சாமி கண்ணைத் திறந்தது. இரண்டு போனுக்கும் ஒரே சேனல். அண்ணன் பேசுவதெல்லாம் சுவரைத் தாண்டி வந்து தம்பியின் போனில் அட்சரம் பிசகாமல் கேட்டது. இங்கே வாய் திறந்தால் அங்கேயும் கேட்டுவிடும், அதற்குத்தான் துண்டு.

அதிலிருந்து விளக்கு வைக்கிற நேரமானால் போதும், ஈஸ்வரமூர்த்திக்கு இரும்புக் கடைக்காரரிடம் அவசரமாகப் பேச வேண்டிவந்துவிடும். கொல்லைப்பக்கம் போய், துவைக்கிற கல்லருகே ஏரியலை இழுத்துவிட்டு நின்றுகொள்வார். அவர் மனைவி ருக்குமணி, பாவம், இரும்பு விலை தினமும் இப்படி ஏறினால் பட்டறை என்னாவது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணனுக்குச் சர்க்கரை வந்தது அப்படித்தான் தெரிந்தது. ஈரோட்டில் கட்டிக்கொடுத்த அண்ணன் மகள் உண்டாகியிருப்பதும் அப்படித்தான் தெரிந்தது. அன்று கொல்லையில் ஒற்றை ஆளாக நின்று சிரித்துக்கொண்டார். சர்க்கரைக்காரர் மிட்டாய்க் கடைக்குப் போன் போட்டு ஒரு கிலோ மைசூர்பாகு அனுப்பச் சொன்ன அன்று, நாக்கைக் கடித்துக்கொண்டு நின்ற பாடு அவருக்குத்தான் தெரியும். நாலு திட்டுத் திட்டக்கூட வழியில்லையே!

ஒருமுறை அண்ணன் தலைசுற்றி விழுந்துவிட்டதாக அண்ணி யாரிடமோ சொல்ல, மறுநாள் அந்தக் கரகரத்த குரல் திரும்பக் கேட்கும்வரை ஈஸ்வரமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று அண்ணன் பேசியது மைதீன் பிச்சையிடம். போனில் பேட்டரி அரைமணி நேரம்கூட நிற்பதில்லையாம், வேறு வேண்டுமாம்.

அந்த மாடலே இப்போது வருவதில்லை, பேட்டரிக்கு எங்கே போவது, புதுசாக ஒன்று எடுத்துப்போடுங்கள் என்று கடைக்காரர் ஆரம்பித்துவிட்டார். ஒன்று தெருமுனை வரை எடுக்குமாம். ஒன்று, ஆள் இல்லாத நேரத்தில் யார் கூப்பிட்டாலும் பேச்சைப் பிடித்து வைக்குமாம். ஒன்று கீழே போட்டாலும் உடையாதாம். வியாபாரி வாய் சும்மா இருக்குமா?

அண்ணன் ஒன்றுதான் கேட்டார். “கிராஸ்டாக் வருமுங்களா, மைதீன்?”

“வரவே வராதுங்ணா! எல்லாத்துலயும் பத்துச் சேனலுங்க. வேற பேச்சு குறுக்க வந்தா அதுவே சேனலை மாத்திப்போடும். பக்கத்து ஊட்டுக்காரன் தலைகீழா நின்னாலும் ஒரு வார்த்தை கேக்காதுங்க.”

ஈஸ்வரமூர்த்தி துண்டை இன்னும் இறுக்கினார். ‘நீ நல்லா இருப்பியாடா மைதீனு?’ என்று மனசுக்குள்ளேயே கறுவினார். அந்தக் குரல் கேட்காமல் இனி எப்படிப் பொழுது போகும்? அண்ணனுக்கு ஒன்றென்றால் யார் வந்து சொல்வார்கள்? மருதமலை முருகா, வேண்டாமென்று சொல்ல வையப்பா என்று துண்டோடு சேர்த்துப் போனைக் கும்பிட்டார்.

பழைய மாதிரியே ஒற்றைச் சேனல் போன் கடையில் ஒன்றுகூட மிச்சமில்லையா என்று அண்ணன் இழுத்தார். மைதீன் பிச்சைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரே அந்தக் கருமத்தைத் திட்டிக்கொண்டு வந்து மாற்றிக்கொண்டு போகிறது, நீங்கள் அதையே கேட்கிறீர்களே, இப்போதே பையனிடம் கொடுத்தனுப்பட்டுமா என்றார்.

அண்ணன் அவரை நிறுத்தினார்.

“இருங்க மைதீன், ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்.”

போச்சு, அண்ணியைக் கேட்கப்போகிறார். புதுசு என்றால் அண்ணி வேண்டாமென்றா சொல்வாள்? ஈஸ்வரமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார்.

“டேய் ஈஸ்வரா, புதுசு வாங்குனா உனக்குக் கேக்காதாமாடா. என்ன பண்றது?”

துண்டு நழுவிக் கீழே விழுந்தது.

அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகவோ தெரிந்திருக்கிறது! வெட்கத்தில் காது சுட்டது, அழுகை முட்டியது, நடுவே சிரிப்பும் வந்து தொலைத்தது. மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்த ரோஷத்தைத் தேடிப் பார்த்தார். ஒரு பொட்டுக்கூட அகப்படவில்லை.

“வாங்கிப்போடுங்ணா. நான் ஊட்டுக்கே வாரேன்.”

“அலோ, அலோ, யாருங்க அது குறுக்க?” என்று மைதீன் பிச்சை கத்திக்கொண்டிருந்த போனை ஓரமாக வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துவைக்கிற கல்லின்மேல் ஏறினார். தெருவாசல் வழியாகவே போயிருக்கலாம் என்பது, சுவரின்மேல் ஒரு காலைப் போட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது.